முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளை: கேட்டவர்களுக்குப் பதில்

கைக்குழந்தைகள் தங்கள் மனசை எப்படிக் காத்துக்கொள்கின்றன என்று நம் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள் கேட்டவற்றுக்கு, குழந்தைகள் மனநலத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

கம்பத்திலிருந்து ஒரு தாய்: அக்கா, விடியுமுன்னே ஜீப்பில் ஏறிக் குமுளி தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகிறேன், திரும்ப ஆறு மணியாகிறது. 13 மாசப் பாப்பா அம்மாச்சியிடம் இருக்கிறாள். நான் வந்தால் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. என்னை மறந்துவிட்டாளா?

மறக்கவே இல்லை தங்கச்சி. அமெரிக்காவின் பால்டிமோரில் மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர், ஒரு வயசுக் குழந்தைகளை அம்மா சில நிமிஷம் விட்டுப் போய்த் திரும்பும்போது கவனித்தார். சில குழந்தைகள் அழவே இல்லை, அம்மா வந்தபோதும் பொம்மையைத்தான் பார்த்தன. பார்க்கிறவர்களுக்கு ஒட்டுதல் இல்லாத பிள்ளை என்றுதான் தோன்றும், ஆனால் 1977-இல் ஸ்ரூஃப், வாட்டர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத்துடிப்பை அளந்தபோது அது எகிறியே இருந்தது. வெளியே விளையாட்டு, உள்ளே படபடப்பு. ஏக்கம் தாங்க முடியாத அளவு போகும்போது, அதைக் கிளப்பும் முகத்தைப் பார்க்காமல் இருப்பதுதான் அந்த வயசுக்குத் தெரிந்த ஒரே வழி.

என் அம்மாவும் அந்த ஜீப்பில் போனவர்தான். வந்ததும் அள்ளித் தூக்குவார், நான் கட்டை மாதிரி விறைத்துக்கொள்வேன் என்று அம்மாச்சி சொல்வார். நீங்கள் தூக்க வேண்டாம். கை கால் கழுவிவிட்டு அவளுக்குப் பக்கவாட்டில் தரையில் உட்காருங்கள், கூப்பிடவும் வேண்டாம். அவள் டப்பா மூடியைத் தட்டினால் நீங்களும் ஒரு தட்டு. கொஞ்ச நேரத்தில் மூடியை உங்கள் பக்கம் தள்ளுவாள், அப்புறம் முதுகை உங்கள் முழங்காலில் சாய்ப்பாள், முகம் கடைசியில்தான் வரும். வேலைக்குப் போவது தப்பு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், அவளுக்கு அம்மாச்சி மடி இருக்கிறது. ஆனால் காலையில் சொல்லாமல் மட்டும் நழுவாதீர்கள்.

போடியிலிருந்து ஒரு மாணவி: மூன்று மாசக் குழந்தைக்கும் மனத் தற்காப்பு உண்டா மேடம்?

குழந்தைகளின் மனதை ஆராய்ந்த அன்னா ஃபிராய்ட் 1936-இல் தொகுத்துச் சொன்ன தற்காப்புகளுக்கு ‘நான்’ என்ற ஒன்று ஓரளவு உருவாகியிருக்க வேண்டும். ஒரு நினைப்பை அமுக்கி மறக்க, முதலில் அந்த நினைப்பைப் பிடித்து வைக்கத் தெரிய வேண்டும் இல்லையா? அதனால் கைக்குழந்தையிடம் இருப்பதை அதற்கு முந்தைய படி என்றுதான் நான் சொல்வேன். எட்வர்ட் டிரோனிக் என்ற உளவியலாளர் 1978-இல் காட்டியது இதுதான்: அம்மா முகத்தை அசைக்காமல் வெறுமனே பார்த்தால், குழந்தை முதலில் சிரித்து இழுத்துப் பார்க்கும், பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

கூடலூரிலிருந்து ஒரு தாத்தா: நாலு வயசுப் பேரன் பானையை உடைத்துவிட்டுப் பூனை உடைத்தது என்கிறான். திருட்டுப் புத்தியா?

இல்லை ஐயா. மறுப்பது அந்த வயசுக்கே உரிய தற்காப்பு, வளர வளரக் குறையும். அடிக்காதீர்கள், உடைந்த ஓடுகளை அவனோடு சேர்ந்து பொறுக்குங்கள்.

சின்னமனூரிலிருந்து ஒரு அப்பா: தடுப்பூசி போட்டு வந்த இரண்டு வயசு மகன் நாள் முழுக்கத் தலையணைக்கு ஊசி குத்துவதுபோல விளையாடுகிறான். தடுக்கலாமா?

தடுக்கவே தடுக்காதீர்கள். தனக்கு நடந்ததைத் தானே நடத்துகிறவனாக மாறிப் பயத்தைச் செரிக்கிறான். அன்னாவின் அப்பா சிக்மண்ட் ஃபிராய்ட் 1920-இல் எழுதியதும் இதுதான்: ஒன்றரை வயசுப் பேரன் நூல் கட்டிய கட்டையை எறிந்து மறைத்து, திரும்ப இழுத்து, அம்மா போய் வருவதை விளையாட்டாக்கினான்.

உத்தமபாளையத்திலிருந்து ஒரு சித்தி: அக்கா மகளுக்கு ஒன்றரை வயசு. அப்பா சத்தம் கேட்டால் கை பாதியில் நிற்க அப்படியே உறைந்துபோகிறாள், அழுவதுகூட இல்லை. நல்ல பிள்ளை, அடக்கம் என்கிறார்கள்.

அது அடக்கம் இல்லை. செல்மா ஃப்ரைபெர்க் என்ற குழந்தை மனநல நிபுணர், 1982-இல் வெளியான கட்டுரையில், ஆபத்தான வீடுகளில் வளர்ந்த 3 முதல் 18 மாசக் குழந்தைகளிடம் கண்டதாகச் சொன்னவற்றில் மூன்று: பார்வையைத் தவிர்ப்பது, உறைந்துபோவது, எதிர்த்துச் சண்டையிடுவது. இப்போது நீங்கள் சொல்வது அந்த இரண்டாவது. க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், வீட்டில் யார் கையோங்குகிறார் என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளைக்கு அடி விழுகிறது என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு இன்றைக்கே கூப்பிடுங்கள்.