கழுத்துத் தேய்மானம்: ஊசியில் நூல் கோக்க முடிகிறதா?

எக்ஸ்ரேயில் கழுத்துத் தேய்மானம் என்று வந்திருக்கிறதே, பக்கவாதம் வந்து படுத்துவிடுவேனோ என்பதுதான் உங்கள் கடிதத்தில் இருக்கும் கேள்வி, மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் எழுதியவை. கழுத்துத் தேய்மானத்தால் பக்கவாதம் வரும் என்று யூடியூபில் சொன்னவர் இரண்டு நோய்களைப் போட்டுக் குழப்பியிருக்கிறார். 54 வயதில், இத்தனை வருடம் தையல் மெஷினில் குனிந்தவருக்கு எக்ஸ்ரேயில் சி5-சி6 (கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு இடையில்) தேய்மானம், எலும்பு முளை என்று எழுதி வராவிட்டால்தான் ஆச்சரியம். தலை நரைப்பது மாதிரி. வலியே இல்லாதவர்கள் பலருக்கும் இந்த வயதில் இதே ரிப்போர்ட்தான். கழுத்தைத் திருப்பும்போது வரும் நறநற சத்தத்தையும் விட்டுத்தள்ளுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்கிறேன். ஊசியில் நூல் கோக்க, சட்டைப் பொத்தான் போட விரல்கள் முன்பு போல ஒத்துழைக்கின்றனவா? (கண் மங்கியதால் முடியவில்லை என்றால் அது வேறு கதை.) நடக்கும்போது தள்ளாடுகிறதா, செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடக்கிறீர்களா, சிறுநீர் அவசரம் தாங்க முடியவில்லையா? இதில் ஒன்று புதிதாக வந்திருந்தாலும் தண்டுவடம் நெருக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும், இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் போங்கள், எம்ஆர்ஐ தேவைப்படும். கை கால் வேகமாக பலமிழந்தால், சிறுநீர் கட்டிக்கொண்டால் அன்றைக்கே. பலருக்குத் தண்டுவட நெருக்கம் வலியே இல்லாமல் வரும், அதனால்தான் கோட்டை விடுகிறார்கள். விரல்களில் போன லாவகம் ஆபரேஷனுக்குப் பிறகும் முழுசாகத் திரும்பாமல் போகலாம்.

அப்புறம் அந்த சலூன் விஷயம். முடி வெட்டியதும் தலையைப் பிடித்து 'டக்'கென்று திருகி நெட்டி எடுப்பது சுகமாக இருக்கிறது என்கிறீர்கள். கழுத்தெலும்புத் துளைகள் வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அந்தத் திருகலில் கிழியலாம்; அரிதுதான், ஆனால் நீங்கள் பயப்படுகிற பக்கவாதம் வர அது நிஜமான ஒரு வழி. இனி வேண்டாம்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை போடுவதை என்னவென்று சொல்ல! வயிற்றில் புண், கிட்னிக்குக் கேடு, பிரஷரும் ஏறும். நிறுத்துங்கள். கிட்னிக்கும் பிரஷருக்கும் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கழுத்துப் பட்டை கடும் வலியில் இரண்டு மூன்று நாள் சரி, இரவும் பகலும் மாட்டியிருந்தால் தசை பலமிழந்து இறுக்கம்தான் கூடும்.

காலையில் 15 நிமிடம் வெந்நீர்ப் பை ஒத்தடம். பிறகு உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் தள்ளுங்கள், தலை அசையக் கூடாது, 5 நொடி, 10 முறை. பின்தலைக்கும் இரண்டு பக்கத்துக்கும் அப்படியே. பலன் தெரிய சில வாரம் ஆகும். தலையணையே இல்லாமல் படுப்பதை விட்டுவிட்டு, கழுத்து நேராக இருக்கிற உயரத்தில் ஒன்று வையுங்கள். மெஷினுக்கு அடியில் பலகை கொடுத்துக் கொஞ்சம் உயர்த்துங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தோளைச் சுழற்றிவிட்டு உட்காருங்கள், ஆர்டர் எங்கேயும் ஓடிவிடாது.