பதினேழு நாவலும் முந்நூறு டாலரும்

கே: "எல்லாருக்கும் அமாண்டா ஹாக்கிங்குக்கு அமைந்ததுபோல் அமையாது" என்று சென்ற இதழில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். யார் அவர்?
- ஒரு வாசகி, தேனி

ப: அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து ஆஸ்டின் என்ற சின்ன ஊர்க்காரர். மாற்றுத்திறனாளிகள் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டே ராத்திரியில் எழுதியவர். 25 வயதுக்குள் 17 நாவல்! அனுப்பிய இடத்திலிருந்தெல்லாம் 'வேண்டாம்' என்றே பதில் வந்தது.

2010 ஏப்ரலில் அவருக்கு ஓர் ஆசை. மப்பெட் பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன் பற்றிய கண்காட்சி அக்டோபரில் சிகாகோவுக்கு வரவிருந்தது. போய்வர 300 டாலர் வேண்டும். கையில் காசில்லை, நாவல்தான் இருந்தது. ஆறு மாதத்தில் 300 டாலராவது தேறாதா என்று ஒன்றை அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் தானே ஏற்றினார். அந்த ஆறு மாதத்தில் தேறியது சுமார் 20,000 டாலர். இருபது மாதத்தில் 15 லட்சம் பிரதிகள், சுமார் 25 லட்சம் டாலர்.

கே: ஒரு டாலருக்கும் குறைவான விலையாமே? அதில் என்ன மிஞ்சும்?
- கல்லூரி மாணவர், மதுரை

ப: வரிசையில் முதல் நாவல்தான் 99 சென்ட். அடுத்தடுத்தவை 2.99 டாலர். அமேசான் கணக்கில் 2.99லிருந்து 9.99 வரை விலை வைத்தால் எழுதியவருக்கு 70 சதவீதம், கீழே போனால் 35. ஆக முதல் நாவலில் 35 சென்ட், இரண்டாவதில் இரண்டு டாலருக்குக் கொஞ்சம் மேல். ஸ்வீட் கடையில் ஒரு விள்ளல் அல்வாவைக் கையில் வைப்பார்களே, அதுதான் முதல் நாவல். சரக்கு என்னவோ ரத்தக்காட்டேரிக் காதல். எனக்கு ஒத்துவராது. பதின்வயதுப் பெண்கள் விழுந்து விழுந்து படித்தார்கள்.

கே: இவ்வளவு சம்பாதித்தவர் பதிப்பகத்திடம் ஏன் போனார்?
- வங்கி ஊழியர், ஈரோடு

ப: 2011 மார்ச்சில் நான்கு நாவலுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து செயின்ட் மார்ட்டின்ஸ் பிரஸ் அவரை ஏலத்தில் எடுத்தது. வேடிக்கை என்னவென்றால், அதே சமயத்தில் பாரி ஐஸ்லர் என்ற த்ரில்லர் எழுத்தாளர் அதே பதிப்பகத்தின் 5 லட்சம் டாலரை வேண்டாமென்று உதறி, நானே போட்டுக்கொள்கிறேன் என்று கிளம்பினார்.

ஹாக்கிங் சொன்ன காரணம் எனக்குப் பிடித்தது. மின்னஞ்சல், அட்டை, எடிட்டர் தேடுவது என்றே வாரம் பூராவும் போய்விடுகிறது, எழுத நேரமில்லை என்றார். காசு கொடுத்து எடிட்டர் வைத்தும் பிழைகள் தங்கிவிட்டன. வாசகர்கள் சும்மா விடுவார்களா?

இருபத்தெட்டு வருஷம் மெய்ப்பு பார்த்தவன் சொல்கிறேன், எழுதியவன் கண்ணுக்கு அவன் பிழை தெரியாது. 1996இல் மனைவியின் வளையலை அடகு வைத்து என் சிறுகதைத் தொகுப்பை 500 பிரதி போட்டேன். ஊரார் புத்தகத்தையெல்லாம் திருத்துகிறவனுக்கு இன்னொருவன் எதற்கு என்று கர்வம். முதல் பக்கத்திலேயே கதாநாயகன் 'பல்லைக் கடித்தான்' என்பதற்குப் பதில் 'பல்லியைக் கடித்தான்'. பரணில் இன்னும் 310 பிரதி இருக்கிறது. நிஜப் பல்லிகளும் இருக்கின்றன.

கே: பதினோரு வருடம் உழைத்து ஒரு நாவல் முடித்திருக்கிறேன். நானே வெளியிடலாமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், சங்கரன்கோவில்

ப: தாராளமாக, ஐயா. ஆனால் ஹாக்கிங்கின் முதல் நாவலைப் படித்து முடித்தவர்களுக்கு அடுத்தது தயாராக இருந்தது, அதற்கடுத்ததும் இருந்தது. உங்களுடையது ஒன்றுதான் என்பதால் கிண்டிலில் ஏற்றுங்கள், அச்சுக்கு 50 பிரதி போதும். அதற்கு முன் உங்களைப் பிடிக்காத பழைய சக ஆசிரியர் யாராவது இருந்தால், அவரிடம் கொடுத்துச் சிவப்பு மையில் திருத்தச் சொல்லுங்கள். வீட்டு வளையல் பீரோவிலேயே இருக்கட்டும்.