எந்த அந்தியோகியா என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: அப்போஸ்தலர் பவுலின் மூன்று பயண வழிகளையும் 10 நாளில் காட்டுவதாக ஏஜென்ட் சொல்கிறார். அந்தியோகியா, எபேசு, பிலிப்பி, கொரிந்து எல்லாம் பட்டியலில் உண்டு. வயதான பெற்றோருடன் போகிறேன். முன்பணம் கட்டலாமா?

பதில்: இப்போது கட்டாதீர்கள். பவுல் கொரிந்துவில் ஒன்றரை ஆண்டும், எபேசுவில் இரண்டு ஆண்டுக்கு மேலும் தங்கியவர். அந்த வழி முழுவதையும் 10 நாளில் யாராலும் காட்ட முடியாது.

பவுலின் பயணங்களைச் சொல்லும் பைபிள் நூலான அப்போஸ்தலருடைய நடபடிகளில் இரண்டு அந்தியோகியா வருகின்றன. சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதலில் வழங்கியதும், பவுலும் பர்னபாவும் புறப்பட்டதும் சீரியாவின் அந்தியோகியாவில். அது இன்றைய துருக்கியின் அந்தாக்யா. 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் நொறுங்கிப்போன நகரம். மற்றொன்று பிசீதியாவின் அந்தியோகியா, யல்வாச் என்ற சிற்றூரின் அருகே உள்ள இடிபாடுகள். அங்கே அழைத்துப்போய், "இதுதான் முதல் சபை" என்று கண்ணீர் மல்க ஜெபிக்க வைத்துத் திரும்பிய குழுக்களை நான் அறிவேன். இன்றைய ஊர்ப்பெயரைப் பயணத்திட்டத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தின் ஏழு சபைகளைச் சுற்றும் பயணத்தையே 'பவுல் பயணம்' என்று பெயர் மாற்றி விற்பதும் நடக்கிறது. அந்த ஏழில் பவுல் ஊழியம் செய்ததாக நடபடிகள் சொல்வது எபேசுவில் மட்டுமே.

விசாவுக்கு வருகிறேன். கிரீஸ் ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. துருக்கி அப்படி அன்று. ஏதென்ஸில் இறங்கி, கப்பலில் துருக்கி போய், மறுபடி ஏதென்ஸ் வந்து ஊர் சுற்றிவிட்டு விமானம் ஏறுவதாக இருந்தால், கிரீஸுக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். விசாவில் நுழைவுகளின் எண்ணிக்கை 01 என்றிருந்தால் இரண்டாவது முறை உள்ளே விடமாட்டார்கள். விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவு என்று கேட்க வேண்டும். கேட்டாலும் 01 கிடைக்கலாம். அப்போது முதலில் துருக்கி, பிறகு கிரீஸ், அங்கிருந்தே ஊர் திரும்புதல் என்று வழியை மாற்றிக்கொள்ளுங்கள். விசா மையத்தில் ஒரு நேர்முகத் தேதி வாங்கவே வாரக்கணக்கில் அலையவிடுகிறார்கள். இந்த ஒரு எண்ணை மக்களிடம் சொல்லித்தர அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. ஏஜென்ட்டும் சொல்லமாட்டார்.

பெற்றோருக்காக நான் சொல்வது: எபேசுவும், கிரீஸில் பிலிப்பியும் கொரிந்தும் போதும். கொரிந்துவில், பவுல் நிறுத்தப்பட்ட ரோம ஆளுநர் கல்லியோனின் நியாயாசனம் இன்றும் நிற்கிறது. டெல்பியில் கிடைத்த கல்வெட்டு அவனுடைய பதவிக்காலத்தை கி.பி. 51-52ஐ ஒட்டி நிறுத்துவதால், பவுல் அங்கே நின்ற காலமும் தெரிகிறது. பிலிப்பியில் 'பவுலின் சிறை' என்று காட்டுவது பிற்கால மரபு. அது தண்ணீர்த் தொட்டியாகவே இருந்திருக்கக்கூடும். அங்கே நேரத்தைப் போக்காமல், இரத்தாம்பரம் (ஊதாத் துணி) விற்ற, பவுலின் போதனையை ஏற்ற லீதியாளை நினைவுகூரும் ஓடைக்கரையில் அவர்களை உட்கார வையுங்கள். எபேசுவில் மேல் வாசலில் இறக்கிவிடச் சொல்லுங்கள். சலவைக்கல் பாதை அங்கிருந்து கீழ்நோக்கியே போகும். கல் வழுக்கும், ரப்பர் அடிச் செருப்பு அவசியம்.