சிமெண்ட் குடிக்கும் மரம்

கே: அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், தபாலும் பயணிகளும் ஏற்றிச் சென்ற பட்டர்ஃபீல்டு ஸ்டேஜ்கோச் குதிரை வண்டிகள் ஓடிய பழைய தடத்தை ஒட்டி ஒரு மரக்கட்டைக் குடில் இருக்கிறது. அதைப் பராமரிக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். கட்டைகளுக்கு நடுவே இருந்த மண்பூச்சு உதிர்ந்ததால் முன்பு யாரோ சிமெண்ட் பூசிவிட்டார்கள். அதன் கீழிருக்கும் கட்டைகள் இப்போது இற்றுவருகின்றன. இன்னும் கெட்டியாகச் சிமெண்ட் பூசி, மேலே வார்னிஷ் அடிக்கலாமா?

ப: இரண்டுமே வேண்டாம். மழையில் கட்டை உப்பும், வெயிலில் சுருங்கும், சிமெண்ட் அசையாது. அதனால் இரண்டுக்கும் இடையே மயிரிழை விரிசல் விழுகிறது. சுவரில் வழியும் நீர் அதில் இறங்கிக் கீழ்க்கட்டையின் முதுகில் தேங்கிவிடும். கெட்டிப் பூச்சுக்குப் பின்னால் அது காய வழியில்லை. வார்னிஷும் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். ஆளிவிதை எண்ணெய் தடவலாம் என்று யாராவது சொன்னால், பூஞ்சைக்கு அது நல்ல தீனி என்று சொல்லுங்கள்.

சிமெண்டைச் சிறு உளியால் நடுவிலிருந்து உடைத்து எடுங்கள். ஓரத்திலிருந்து நெம்பினால் கோடாரித் தடம் பதிந்த மரச்செதில் கூடவே பெயர்ந்துவரும். பழைய மண்பூச்சு எங்காவது மிஞ்சியிருந்தால் அதை விட்டுவையுங்கள். நிறமும் மணலின் பருமனும் அதைப் பார்த்துத்தான் முடிவாக வேண்டும். புதுக்கலவைக்குச் சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 4 பங்கு, வெள்ளைச் சிமெண்ட் அதிகம் போனால் கால் பங்கு. விரிசலைத் தாங்கப் பன்றிமயிர் கொஞ்சம் சேர்ப்பார்கள். இடுக்கில் அடைத்திருக்கும் கல், மரத்துண்டுகளை நனைத்துவிட்டுப் பூசுங்கள். பூச்சின் மேல்விளிம்பு மேல்கட்டையின் வயிற்றுக்கு அடியில் ஒடுங்கியிருக்க வேண்டும். கீழ்விளிம்பு வெளிப்பக்கம் சரிய வேண்டும். சரிவு இல்லாவிட்டால் செய்த வேலை அத்தனையும் வீண். ஈரச்சாக்கு போட்டுச் சில நாள் மூடிவையுங்கள். உறைபனிக் காலத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

கே: தரையை ஒட்டிய அடிக்கட்டையை முழுதாக மாற்றித்தான் ஆக வேண்டுமா?

ப: முதலில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்தது மொத்தென்று அடங்கும். சந்தேகமான இடத்தில் கூர்ஊசியால் குத்துங்கள். மூலைப் பொருத்துகள், வெளியே நீட்டிய கட்டை முனைகள், ஜன்னலின் அடிப்பகுதி ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் ஊசி இறங்கும். வெளிமரம் மட்டும் பொடிந்து உள்ளே வைரம் (கெட்டியான நடுமரம்) உறுதியாக இருந்தால், பொடிந்ததைச் சுரண்டிவிட்டு அப்படியே விடலாம். ஒரு பக்கம் மட்டும் இற்றிருந்தால் அந்த முகத்தை வெட்டியெடுத்து, அதே இன மரத்தில் ஒரு துண்டைப் பொருத்தலாம். அது நன்கு காய்ந்த மரமாக இருக்க வேண்டும். உள்ளே கூடாகிப் போனதைத்தான் முழுதாக மாற்ற வேண்டும். புதுத்துண்டின் மறைவான பக்கத்தில் வருடத்தைப் பொறித்துவிடுங்கள். பின்னால் வருபவர்கள் அதைப் பழசு என்று நம்பிவிடக் கூடாது.

கட்டையை மாற்றுவதற்காகச் சுவரைத் தூக்க ஜாக்கி வைப்பதற்கு முன் ஒவ்வொரு கட்டைக்கும் எண் கட்டிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அண்டை இடுக்குப் பூச்சையும் எடுத்துவிடுங்கள். பாரம் விலகும் அளவுக்கு மட்டும், மெல்ல மெல்ல ஏற்றுங்கள். அவசரப்பட்டால் மூலைப் பொருத்து பிளந்துவிடும்.

இதெல்லாம் இரண்டாம் வேலைதான். கூரை ஒழுகுகிறதா, மண் அடிக்கட்டையைத் தொடுகிறதா, தரைச்சரிவு சுவரை நோக்கி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஈரமானியில் மரம் 20 சதவீதத்தைத் தாண்டிக்கொண்டே இருந்தால், எந்தக் கட்டையை மாற்றினாலும் அதுவும் இறும்.

கே: பட்டர்ஃபீல்டு காலத்துக் குடில்தான் என்கிறார்கள். நம்பலாமா?

ப: அந்தச் சேவை இந்த வழியாக ஓடியது 1858 செப்டம்பரிலிருந்து 1861 வரைதான். பட்டையோ அதன் அடிவளையமோ மிஞ்சியிருக்கும் கட்டையில் மாதிரி துளைத்தெடுத்தால், வளையங்களை வைத்து மரம் வெட்டிய வருடத்தை நிபுணர்கள் சொல்லிவிடுவார்கள். ஒரே கட்டையோடு நிறுத்தாதீர்கள். பழைய வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்த மரமாகவும் இருக்கலாம். உருண்டைக் கம்பி ஆணியைப் பார்த்ததும் புதிய வீடு என்று ஒதுக்கவும் வேண்டாம். அவை 1890களில்தான் பரவலாயின என்பது சரி, ஆனால் பிற்காலப் பழுதுபார்ப்பில் அடித்ததாகவும் இருக்கலாம்.