டயாலிசிஸ் நோயாளிகளும் சிறுநீர்ப்பைத் தொற்றும்: கேள்வி பதில்

கேள்வி: வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் தந்தைக்குச் சிறுநீர்ப் பரிசோதனையில் சீழ் செல்கள் அதிகம் என்று வந்துள்ளது. வலியோ காய்ச்சலோ இல்லை. மருந்து தேவையா?

பதில்: தேவையில்லை. சிறுநீர் குறைவாக ஊறும்போது சிறுநீர்ப்பை சரிவரக் கழுவப்படாததால், கிருமி இல்லாமலேயே சீழ் செல்கள் தேங்கி நிற்பது இவர்களிடம் சாதாரணம். அந்த எண்ணிக்கையைக் கண்டு பயந்து ஆன்டிபயாடிக் கொடுத்தால், நாளை உண்மையான தொற்று வரும்போது எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியை எதிர்கொள்ள நேரிடலாம். அறிகுறி தோன்றினால், முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீரைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துக் கண்டறியும் பரிசோதனைக்கு, கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. இரண்டிலும் பொட்டாசியம் மிகுதி. அது இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். எரிச்சலுக்கென்று கடையில் தரும் சிரப்புகள் சிலவற்றிலும் பொட்டாசியம் சிட்ரேட் உண்டு. தண்ணீரையும் மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் கொடுக்காதீர்கள். வெளியேற வழியில்லாத நீர் நுரையீரலில் கோத்துக்கொள்ளும்.

கேள்வி: அம்மாவுக்குச் சிறுநீர் அடியோடு நின்று ஓராண்டாகிறது. இப்போது குளிர்காய்ச்சல், அடிவயிற்று வலி, துர்நாற்றமுள்ள கசிவு. சிறுநீரே இல்லாதவருக்கும் தொற்று வருமா?

பதில்: வரும். பயன்பாடற்ற சிறுநீர்ப்பையில் சீழ் கட்டிக்கொள்வதைப் பயோசிஸ்டிஸ் என்பார்கள். சிறுநீர் இல்லை என்பதாலேயே சிறுநீர்ப்பையை யாரும் சந்தேகிக்காமல், காய்ச்சலின் காரணத்தை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கிறது. ஸ்கேன் செய்து, கதீட்டர் என்னும் மெல்லிய குழாய் வழியே சீழை வடித்து, தேவைப்பட்டால் பையைக் கழுவி, ஊசி மருந்தும் தர வேண்டியிருக்கும். வடிக்காமல் மருந்தை மட்டும் நம்பினால் பெரும்பாலும் குணமாகாது. கழுத்தில் டயாலிசிஸ் கதீட்டர் இருந்தால், காய்ச்சல் அதிலிருந்தும் வரக்கூடும் என்பதால் இரத்தக் கல்ச்சரும் அவசியம். சர்க்கரை நோயும் இருந்தால் பையின் சுவரில் வாயு உருவாகும் கடுமையான தொற்றும் வரலாம். இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; இரத்த அழுத்தம் இறங்கினாலோ பேச்சு குழறினாலோ அவசரப் பிரிவுக்கு.

கேள்வி: சிறுநீர்த் தொற்றுக்கென்று முன்பு வாங்கிய நைட்ரோஃபுராண்டாயின் என்ற ஆன்டிபயாடிக் மிச்சமிருக்கிறது. கொடுக்கலாமா?

பதில்: அதைத் தொடாதீர்கள். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது சிறுநீரில் போதிய அளவு சேராது. உடலில் தங்கி நரம்புகளைப் பாதிக்கும்.

கேள்வி: டயாலிசிஸ் நாளில் ஆன்டிபயாடிக்கை எப்போது கொடுப்பது?

பதில்: பெரும்பாலானவற்றை டயாலிசிஸ் முடிந்த பிறகு; முன்பே கொடுத்தால் இயந்திரம் அதில் ஒரு பகுதியை வெளியேற்றிவிடும். அளவையும் சிறுநீரக மருத்துவரே குறைத்து எழுத வேண்டும். செஃபெபிம் போன்ற மருந்து அளவு மீறினால் குழப்பம், உடல் வெட்டி இழுத்தல், வலிப்பு வரை போகும். இவற்றைக் கண்டு, தொற்று முற்றிவிட்டதென்று எண்ணி மருந்தை இன்னும் கூட்டிவிடும் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.