களர் மண்ணில் இருக்கும் சோடியம் ஏன் தீப்பற்றுவதில்லை?

கேள்வி: ஐயா, எங்கள் நிலத்தில் தண்ணீர் பாய்ச்சினால் மேலேயே குளமாக நிற்கிறது, காய்ந்தால் கடப்பாரையும் இறங்குவதில்லை. மண் பரிசோதனையில் பிஎச் 9.2, மண்ணில் ஒட்டியிருக்கும் சோடியம் 28 சதவீதம், நேரயனி மாற்றுத் திறன் 20 என்று வந்திருக்கிறது. ஜிப்சம் இடச் சொல்லியிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளோ, "சோடியம் தண்ணீரில் பட்டாலே தீப்பற்றுமே அப்பா, நம் வயலில் எப்படி இருக்கும்?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கையிருப்பில் சுண்ணாம்பும் பொட்டாஷும் இருக்கின்றன. ஜிப்சத்துக்குப் பதிலாக அவற்றைப் போட்டால் ஆகாதா?

பதில்: உங்கள் மகளின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு விடை தெரிந்தால் உங்கள் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

தண்ணீரில் பட்டால் தீப்பற்றுவது சோடியம் உலோகம். கத்தியால் வெட்டும் அளவுக்கு மென்மையான, மண்ணெண்ணெயில் மூழ்கவைத்துப் பாதுகாக்கும் பொருள் அது. உங்கள் வயலில் இருப்பது சோடியம் அயனி. இரண்டின் அணுக்கருவும் ஒன்றுதான். இரண்டிலும் 11 புரோட்டான்கள். வேறுபாடு ஒரே ஓர் எலக்ட்ரான்.

சோடியம் அணுவில் எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்று மூன்று கூடுகளில் அமைந்திருக்கின்றன. கடைசிக் கூட்டில் தனியாக நிற்கும் அந்த ஒன்றின் மீது கருவின் பிடி தளர்வாக இருக்கிறது. தண்ணீரைக் கண்டவுடன் சோடியம் அதைக் கொடுத்துவிடுகிறது. அப்போது வெளிப்படும் வெப்பமும் ஹைட்ரஜனும் சேர்ந்துதான் தீ. கொடுத்த பிறகு மிஞ்சுவது 2, 8. இது நியான் என்ற மந்த வாயுவின் அமைப்பு. 11 புரோட்டான்களுக்கு 10 எலக்ட்ரான்களே இருப்பதால் ஒரு நேர் மின்சுமை மிகுகிறது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்த இந்த அயனி தண்ணீரில் அமைதியாகக் கரைந்து கிடக்கும். "நம் வயலில் இருப்பது ஏற்கெனவே எலக்ட்ரானை இழந்துவிட்ட சோடியம்" என்று மகளிடம் சொல்லுங்கள்.

அது ஏன் இரண்டாவது எலக்ட்ரானையும் இழக்கக் கூடாது என்று அவர் அடுத்துக் கேட்கலாம். முதல் எலக்ட்ரானைப் பிரிக்க மோலுக்கு 496 கிலோஜூல் போதும். இரண்டாவதைப் பிரிக்க 4,562 கிலோஜூல் வேண்டும், ஏனென்றால் அது நிறைந்த கூட்டிலிருந்து வர வேண்டும். எந்த வேதிவினையும் அவ்வளவு விலை கொடுக்காது. கால்சியத்தில் 2, 8, 8, 2 என்று அமைப்பு. கடைசி இரண்டும் 590, 1,145 கிலோஜூலில் பிரிகின்றன, மூன்றாவதற்கு 4,912. ஆகவே கால்சியம் இரண்டோடு நின்று, இரட்டை நேர் மின்சுமை பெறுகிறது. தனிம அட்டவணையின் முதல் நெடுவரிசையில் உள்ள சோடியமும் பொட்டாசியமும் ஒன்றைக் கொடுப்பவை. இரண்டாவதில் உள்ள மக்னீசியமும் கால்சியமும் இரண்டைக் கொடுப்பவை. வலப்பக்கத்துக் குளோரினில் 2, 8, 7 இருப்பதால் அது ஒன்றை வாங்கி எதிரயனி ஆகிறது.

இந்த அட்டவணையை 1869இல் வகுத்த ரஷ்ய வேதியியலாளர் மெண்டெலீவ் தம் பண்ணையில் உர ஆய்வுகள் நடத்தியவர். அட்டவணைக்கான முதல் கணக்குகளில் சிலவற்றை, பாலாடைக்கட்டிக் கூடங்களைப் பார்வையிட அழைத்து வந்த ஒரு கடிதத்தின் பின்பக்கத்தில்தான் எழுதிப் பார்த்தார். எலக்ட்ரான் கண்டறியப்பட்டதோ 1897இல். அணுவுக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாத காலத்தில் அவர் வரிசைகளைக் கண்டுகொண்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இனி உங்கள் மண். களிமண் துகள்கள் மிக மெல்லிய தகடுகள். அவற்றின் மேற்பரப்பில் எதிர் மின்சுமை உண்டு. அதனால் நேரயனிகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. சோடியம் அயனியின் ஆரம் 102 பிக்கோமீட்டர், கால்சியம் அயனியின் ஆரம் 100. உருவத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் மின்சுமை ஒன்றுக்கு இரண்டு. கால்சியம் தகடுகளை நெருக்கிப் பிடித்துக் குருணையாக்குகிறது. குருணைகளுக்கு இடையே நீரும் காற்றும் போகும். சோடியமோ தன்னைச் சுற்றியுள்ள நீர் உறையோடு தகட்டிலிருந்து சற்று விலகியே நிற்கிறது. தகடுகள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு பிரிகின்றன, பிரிந்த நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. நீங்கள் பார்க்கும் குளமும் கடப்பாரைக்கு இறங்காத கட்டியும் இதனால்தான். ஒட்டியிருக்கும் சோடியம் 15 சதவீதத்தைத் தாண்டினால் களர் என்போம், உங்களுடையது 28.

இதை நம்பிக்கையின் பேரில் ஏற்க வேண்டாம். ஒரே அளவான இரண்டு கண்ணாடிக் குவளைகளில் மழைநீர் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி ஜிப்சத்தை, அதாவது கால்சியம் சல்பேட்டை, கலக்குங்கள். இரண்டிலும் உங்கள் வயல் மண்ணில் ஒவ்வொரு பிடி போட்டு நன்றாகக் கலக்கி, ஆடாமல் வையுங்கள். ஜிப்சம் இல்லாத குவளை மறுநாளும் பால்போலக் கலங்கியே இருக்கும். ஜிப்சம் கலந்ததில் களி பஞ்சுபோலத் திரண்டு கீழே இறங்கி, மேலே நீர் தெளியும். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். இரட்டை மின்சுமை என்பது என்ன வேலை செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

சுண்ணாம்பு ஏன் ஆகாது? சுண்ணாம்புக்கல் தூளிலும் கால்சியம் இருக்கிறது, ஆனால் அது கரைந்து அயனியாக வெளிவர வேண்டுமே. ஜிப்சம் லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் கரையும். சுண்ணாம்புக்கல் தூள் அதில் நூறில் ஒரு பங்குகூடக் கரையாது, பிஎச் 9.2 உள்ள மண்ணில் இன்னும் மோசம். நீற்றிய சுண்ணாம்பு பிஎச்சை மேலும் ஏற்றிவிடும். அதைத் தொடவே வேண்டாம். பொட்டாஷும் இதற்கு மருந்தல்ல. பொட்டாசியத்துக்கும் ஒற்றை மின்சுமைதான். சோடியத்தை விரட்டும் அளவுக்குக் கொட்டினால் பயிர் மக்னீசியத்தை எடுத்துக்கொள்ள முடியாமல் கீழ் இலைகள் நரம்புகளுக்கு இடையே மஞ்சளாகும். பொட்டாஷைப் பயிருக்கு வேண்டிய அளவு உரமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவைப் பார்ப்போம். மாற்றுத் திறன் 20 என்பது 100 கிராம் மண்ணுக்கு 20 மில்லி ஈக்விவலென்ட், அதாவது நேர் மின்சுமைகள் ஒட்டுவதற்கு இருக்கும் இடங்களின் கணக்கு. அதில் 28 சதவீதத்தை 10 ஆக இறக்க 3.6 மில்லி ஈக்விவலென்ட் சோடியத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு கால்சியம் அயனி இரண்டு சோடியம் அயனிகளின் இடத்தைப் பிடிக்கும். ஹெக்டேருக்கு 15 செ.மீ. ஆழத்துக்கு, ஒரு மில்லி ஈக்விவலென்டுக்குச் சுமார் 1.9 டன் தூய ஜிப்சம் வேண்டும் என்ற கணக்கில் ஏறத்தாழ 7 டன் வருகிறது. வாங்கும் ஜிப்சம் 80 சதவீதத் தூய்மை என்றால் 8.5 டன்னுக்கு மேல் போகும்.

நிலத்தைச் சமப்படுத்தி, வரப்பு கட்டி, ஜிப்சத்தை மேல் மண்ணில் கலந்து நீர் தேக்குங்கள். விடுபட்ட சோடியம் சல்பேட்டாக நீரில் கரைந்து நிற்கும். அது வேர்ப்பகுதிக்குக் கீழே இறங்கி வடிகால் வழியாக வெளியே போயாக வேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் போடுவது வீண் என்பது என் உறுதியான கருத்து. முதலில் வடிகாலை வெட்டுங்கள், பிறகு ஜிப்சம். அதன்பின் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள். இந்தப் பிஎச்சில் துத்தநாகமும் இரும்பும் கரையாமல் முடங்கிக் கிடக்கும் என்பதால் முதல் பயிருக்குத் துத்தநாக சல்பேட்டும் வேண்டியிருக்கும்.

ஒரு தகவல் மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. பாசன நீரைப் பரிசோதித்தீர்களா? அதில் சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்திருந்தால், பைகார்பனேட் கால்சியத்தைக் கரையாத சுண்ணாம்பாக்கிவிடும். சோடியம் மறுபடி களிமண்ணில் ஏறிக்கொள்ளும். நீர் அறிக்கையை அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகே 7 டன்னைக் கூட்டுவதா, அப்படியே வைப்பதா என்று சொல்கிறேன்; அதுவரை ஜிப்சம் வாங்க வேண்டாம்.