ஜன்னல் சீட்டு: எந்தப் பக்கம், எந்த வரிசை? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

பாலக்கோடு: அண்ணா, தனியா காசு கட்டி ஜன்னல் சீட்டு வாங்கினேன். உட்கார்ந்து பார்த்தா பக்கத்துல வெறும் சுவர். எப்படி?

ஜன்னல்களின் இடைவெளி விமானம் செய்யும்போதே முடிவாகிவிடும். சீட்டு வரிசைகளை நெருக்குவதும் தள்ளிப்போடுவதும் விமான கம்பெனி. இரண்டும் ஒத்துவராத வரிசையில் சுவர்தான் கிடைக்கும். போயிங் 737-இல் இன்னொரு சிக்கல்: ஏசி காற்றுக் குழாய் சுவருக்குள் மேலேறும் இடத்தில் ஜன்னலே கிடையாது. பெரும்பாலும் இடப்பக்கம், 10ஏ, 11ஏ வாக்கில். ஏரோலோபா (AeroLOPA) இணையதளத்தின் சீட்டு வரைபடங்களில் ஜன்னல்களையும் சேர்த்து வரைந்திருப்பார்கள். சீட்டுக்குக் காசு கட்டும் முன் பாருங்கள்.

காரிமங்கலம்: ஏர்பஸ் 320-இல் எந்த வரிசை நல்லது?

3 முதல் 7. சுமார் 9 முதல் 20 வரை கீழே குனிந்தால் என்ஜின், இல்லாவிட்டால் இறக்கை. 24-க்குப் பின்னால் தரை தெரியும். ஆனால் என்ஜினிலிருந்து வரும் சூடான காற்றில் காட்சி நெளியும். கண்ணுக்குப் பரவாயில்லை, ஜூம் பண்ணி எடுக்கும் படம் வீண்.

பென்னாகரம்: சேலத்துல ஏடிஆர், அதான் அந்தச் சின்ன புரொப்பெல்லர் விமானம், ஏறி பெங்களூரு போனா ஒகேனக்கல் தெரியுமா சார்?

இடப்பக்கம் உட்காருங்கள். ஓமலூர் அருகே கிளம்பியதும் மேட்டூர் நீர்த்தேக்கம் அந்தப் பக்கம்தான். நேர்க்கோடு போட்டால் ஒகேனக்கல் இடப்புறம் 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வரும். அந்தத் தூரத்தில் அருவியைத் தேடாதீர்கள்; மலைகளுக்கு நடுவே காவிரி வளைந்து போகும் பள்ளத்தாக்குதான் அடையாளம். வலப்பக்கம் தர்மபுரி, அதைத் தாண்டி கிருஷ்ணகிரி அணை. ஓசூர் கிட்டத்தட்ட காலடியில் போய்விடும், யாருக்கும் சரியாகத் தெரியாது. திரும்பி வரும்போது பக்கத்தை மாற்றுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

ஏடிஆரில் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே எதுவும் மறைக்காது. நடு வரிசைகளில் மட்டும் என்ஜின் இடிக்கும், அதனால் 12-க்குப் பின்னால் எடுங்கள். ஜெட்டைவிடத் தாழ்வாகப் பறப்பது இன்னொரு லாபம். காட்சிக்கு இதற்கு ஈடான விமானம் இல்லை என்பேன்.

பர்கூர்: பெங்களூருல ஏறினதும் நந்தி மலை எந்தப் பக்கம்?

ஓடுபாதைகள் கிழக்கு மேற்காக, மலை வடக்கே. விமானம் முடிந்தவரை எதிர்க்காற்றில்தான் ஏறும். ஆடிக் காற்றில் மேற்கு நோக்கிக் கிளம்பும், அப்போது வலப்பக்கம்; மேகம் விட்டால் பாக்கியம். மார்கழி, தையில் பெரும்பாலும் கிழக்கு நோக்கி, அப்போது இடப்பக்கம்.

ஓசூர்: காலையில டெல்லி, அங்கிருந்து லே. சீட்டு?

இரண்டுக்கும் இடப்பக்கம், அதாவது ஏ. வடக்கே போகும்போது காலை வெயில் வலப்பக்க ஜன்னலில் அடிக்கும். இடப்பக்கத்தில் கண் கூசாது, வெயில் பட்ட மலை தெளிவாகத் தெரியும். லே நெருங்கும்போது, 7,135 மீட்டர் உயர நுன் சிகரமும் பக்கத்தில் குன் சிகரமும் அதே பக்கம். ஸ்ரீநகர் போனால் மட்டும் வலப்பக்கம்.

ஊத்தங்கரை: சாயங்காலம் துபாய் ஃபிளைட். சூரியன் மறைவது பார்க்கணும்.

டிசம்பரில் இடம். ஜூனில் சூரியன் வடமேற்கில் இறங்கும். விமானத்தின் மூக்குக்கு நேரே அல்லது சற்று இடப்பக்கம்.

அரூர்: போட்டோ எடுத்தா கலர் கலரா பட்டை விழுது, அக்கா வீட்டுக்காரர் கேமராவுல.

லென்ஸ் முன்னால் மாட்டியிருக்கும் போலரைசர் ஃபில்டரைக் கழற்றச் சொல்லுங்கள். விமான ஜன்னல் அக்ரிலிக். ஃபில்டர் வழியாகப் பார்த்தால் அதில் வானவில் பட்டை தெரியும். லென்ஸை ஜன்னலை ஒட்டி வையுங்கள், ஆனால் தொடக் கூடாது, தொட்டால் அதிர்வில் படம் கலங்கும். உள்வெளிச்சம் பிரதிபலித்தால் கறுப்புத் துணியால் சுற்றி மறையுங்கள். ஜன்னலின் கீழே ஒரு சின்னத் துளை தெரியும், பனி படியாமல் காப்பது அதுதான்.